பெட்டியில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் – வெளிநாடு போய் வருபவர்களுக்குச் சுங்கம் பற்றிய பாடம்



கடந்த இதழ்களில் ஊழியர் சேமலாப நிதி பற்றியும் பிறப்புச் சான்றிதழ் திருத்துவது பற்றியும் எழுதினோம். இந்த முறை சுங்கம் பற்றி எழுதும்படி கேட்டது நீங்கள்தான். பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, அப்புத்தளைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், சவூதியிலோ குவைத்திலோ கட்டாரிலோ ஆள் இருக்கிற வீட்டைக் காணாமல் திரும்ப முடியாது. போனவர்கள் இரண்டு வருடம் முடித்து வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டுக்கு ஒரு டீவி, தம்பிக்கு ஒரு போன், ஓ.எல். எழுதுகிற மகளுக்கு ஒரு லெப்டொப், அம்மாவுக்கு மிக்சி. ஊருக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நமக்கு அங்கிருந்தே போன் வரும். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

"ஐயா, கட்டுநாயக்காவில புடிப்பாங்களா?"

இந்தக் கேள்வியை மாற்றிக் கேட்கப் பழக வேண்டும். "புடிப்பாங்களா" என்று கேட்கும்போதே நாம் ஏதோ களவாய்க் கொண்டு வருகிற மாதிரி ஆகிவிடுகிறது. உழைத்த காசில் வாங்கிய சாமானுக்கு அப்படி நினைக்க வேண்டியதில்லை. "இதைச் சொல்லணுமா, யாரிடம் சொல்லணும், சொன்னா எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டால் பதில் சொல்லலாம். இந்தப் பாடம் அதற்குத்தான்.

நம்ம ஆட்களுக்குச் சுங்கம் என்றால் ஏன் இவ்வளவு பயம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறோம். 1964 ஒக்டோபர் மாதம் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு, பெயர் வந்த குடும்பங்கள் ரயில் ஏறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். கப்பல் 1984 வரை ஓடியது. தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்த சாமான் ஒரு தகரப் பெட்டிக்குள். அதையும் அங்கே திறந்து காட்ட வேண்டும். அழுதுகொண்டு பெட்டி திறந்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுங்கம் என்றால் பறிப்பவர்கள் என்று மனதில் பதிந்துவிட்டது.

கடவுச்சீட்டும் நமக்குப் பிந்தித்தான் வந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அடையாள அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்துதான் அந்தக் கதவு முழுதாய்த் திறந்தது. மற்ற ஊர்க்காரர்கள் எழுபதுகளின் கடைசியிலேயே வளைகுடாவுக்குப் போய் ரேடியோ கசட்டும் டீவியும் கொண்டு வந்து, விமான நிலையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று வீட்டுக்கு வீடு தெரிந்து வைத்திருந்தார்கள். நம்ம லயங்களில் அந்த அனுபவம் ஒரு தலைமுறை பிந்தியது. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்தில் ஒரு டிவிசனுக்கே ஒரு டீவிதான், அதுவும் கிளப்பில். இன்று காம்பராவுக்குக் காம்பரா டீவி இருக்கிறது. அதை வெளிநாட்டில் இருந்து எப்படி முறையாய்க் கொண்டு வருவது என்ற அறிவுதான் இன்னும் வந்து சேரவில்லை.

சுங்கம் என்ன கேட்கிறது?

நமது நாட்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டுக்குரியது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டு இரண்டே வருடத்தில் வந்த சட்டம் என்றால் அதன் வயது விளங்கும். பலமுறை திருத்தியிருக்கிறார்கள், ஆனாலும் அடிப்படை மாறவில்லை. வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வரும்போது அரசாங்கத்துக்குத் தீர்வை உண்டு. பயணிக்கு மட்டும் ஓர் அளவு வரை சலுகை உண்டு. சலுகைக்கு மேல் இருந்தால் பயணி தானாகச் சொல்ல வேண்டும்.

சலுகை எல்லோருக்கும் ஒரே அளவில்லை. எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும். 90 நாளுக்குள் திரும்பினால் குறைவு. 90 நாளுக்கு மேல் ஒரு வருடம் வரை என்றால் கூட. 365 நாளைத் தாண்டினால் இன்னும் கூட. ஆகவே இரண்டு வருட ஒப்பந்தம் முடித்து வரும் அக்காவுக்குக் கிடைப்பது, பத்து நாள் வேளாங்கண்ணி போய் வரும் மாமாவுக்குக் கிடைக்காது. "அவ கொண்டு வந்தா, நான் கொண்டு வரக் கூடாதா" என்று சண்டை போட்டுப் பயனில்லை. கடவுச்சீட்டில் அடித்த திகதி முத்திரைதான் பேசும்.

டொலர் கணக்கை இங்கே நாம் அச்சிடவில்லை. வர்த்தமானியில் மாற்றுவார்கள், இந்தப் பத்திரிகையோ உங்கள் சுவரில் இரண்டு வருடம் ஒட்டியிருக்கும். 2020இலும் 2022இலும் அந்நியச் செலாவணி இல்லாமல் எத்தனை சாமான்களுக்கு இறக்குமதித் தடை வந்தது, பிறகு எப்படிப் படிப்படியாய் எடுத்தார்கள் என்று பார்த்தோம். பக்கத்து நாட்டிலும் இப்படித்தான். 2013 ஓகஸ்ட் மாதத்தில் இந்தியா தட்டை டீவிக்குப் பயணிகளுக்கு இருந்த சலுகையை எடுத்துவிட்டது. டுபாயில் இருந்து டீவி சுமந்து வருவது வழக்கமாக இருந்த கேரளத்து, தமிழ்நாட்டு ஆட்கள் அதற்குப் பிறகு சென்னையிலும் கொச்சியிலும் தீர்வை கட்ட வேண்டி வந்தது. போன வருடம் பக்கத்து வீட்டார் கொண்டு வந்தார்கள் என்பது இந்த வருடத்துக்குச் சாட்சி ஆகாது. சாமான் வாங்குமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். அல்லது ஊரில் உள்ளவர்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பார்த்துக் கேட்டுச் சொல்லுங்கள்.

பச்சையும் சிவப்பும்

கட்டுநாயக்காவில் குடிவரவு முத்திரை அடித்து, பெட்டியை எடுத்த பிறகு இரண்டு வழி இருக்கும். பச்சை வழி, சொல்வதற்கு எதுவும் இல்லாதவருக்கு. சிவப்பு வழி, சொல்ல வேண்டிய சாமான் உள்ளவருக்கு. சிவப்பு என்றால் குற்றவாளிகள் போகும் பாதை என்று நம்ம ஆட்கள் நினைக்கிறார்கள். ஆகவே எல்லோரும் பச்சைக்குத்தான் ஓடுகிறார்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். பச்சை வழியில் காலை வைப்பதே ஒரு வாக்குமூலம். "என்னிடம் சலுகைக்கு மேல் எதுவும் இல்லை" என்று வாய் திறக்காமல் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதன் பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கும்போது சாமான் கூடுதலாய் இருந்தால், அது மறைத்த சாமான். "தெரியாம வந்துட்டேன் சேர்" என்பது அங்கே எடுபடுவது கஷ்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது பாடத்துக்கான கணக்கு மட்டும், உண்மை விகிதம் அல்ல. உங்கள் சலுகை 100 என்று வைத்துக்கொள்வோம். சாமானின் பெறுமதி 130. நீங்கள் சிவப்பு வழியில் போய்ச் சொன்னால், கூடுதலான 30க்குத்தான் தீர்வை. அது பாதி என்றால் 15 கட்டிவிட்டு முழுச் சாமானோடும் வெளியே வருவீர்கள். பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் அந்த 30 பெறுமதியான சாமானைப் பறிமுதல் செய்யலாம். அதற்கு மேல், அதன் பெறுமதியைப் போல் மூன்று மடங்கு வரை தண்டம் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மூன்று முப்பது தொண்ணூறு. 15 கொடுக்கப் பயந்து சாமானும் போய், 90 வரை தண்டமும் வரலாம். இந்தக் கணக்கு விளங்கிவிட்டால் பாடத்தில் முக்கால்வாசி முடிந்தது.

சில பேர் அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போட்டு, டீவியைக் கம்பளியில் சுற்றி, "பாவிச்சது" என்று சொல்லப் பார்ப்பார்கள். வேண்டாம். பாவித்த உடுப்பு, கையில் வைத்திருக்கும் சொந்தப் போன் போன்ற தனிப்பட்ட பாவனைப் பொருட்களை யாரும் பெரிதாய்க் கேட்பதில்லை. ஆனால் புதுச் சாமானைப் பழையதாய்க் காட்டுவது பார்த்தவுடன் தெரியும். அதற்குப் பதிலாய் வாங்கிய கடையின் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அதிகாரி தான் அறிந்த விலையைப் போடுவார். சவூதியில் பெருநாள் விற்பனையில் 700 ரியாலுக்கு வாங்கிய டீவி இங்கே 1,000 ரியாலாய்க் கணக்காகலாம். கடைக்காரனிடம் விலை குறைத்து எழுதி வாங்கும் பொய்த் துண்டு இன்னும் மோசம். அதைக் காட்டினால் உங்கள் உண்மையான துண்டுகளையும் நம்ப மாட்டார்கள்.

தீர்வையற்ற கடைகள்

வருகை மண்டபத்தில் உடுப்புத் துவைக்கும் மெஷினும் பிரிஜ்ஜும் டீவியும் அடுக்கி வைத்திருக்கிற விமான நிலையம் உலகத்தில் அதிகம் இல்லை. கட்டுநாயக்காவில் அது இருப்பதற்குக் காரணம் நம்மைப் போன்றவர்களின் வீடுகளில் இருந்து போன பிள்ளைகள்தான். வேறு நாட்டுக்காரர்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். வீட்டு வேலைக்குப் போய் வரும் பெண்கள் அங்கே நின்று தங்கள் வீட்டுக்கு வாங்குகிறார்கள்.

பாரமான சாமானை றியாத்தில் இருந்து சுமப்பதை விட இங்கே வாங்குவது பல வேளையில் நல்லது. உத்தரவாதம் இங்கேயே கிடைக்கும். இன்னொன்று, சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், நமது நாட்டில் 50. டீவி, சார்ஜர் போன்றவற்றில் பெரும்பாலும் 50/60 என்று இரண்டும் எழுதியிருக்கும், பிரச்சினை இல்லை. ஆனால் மோட்டார் உள்ள சாமானில் 60 மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

அந்தக் கடைகளில் அளவில்லாமல் வாங்கலாம் என்று நினைக்கக் கூடாது. கடவுச்சீட்டைக் காட்டித்தான் வாங்க முடியும், அதற்கும் உங்கள் சலுகை அளவு உண்டு. 2022இல் நாடு டொலருக்குத் தவித்த நேரத்தில், வங்கி வழியாய்ப் பணம் அனுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளருக்கு, அனுப்பிய தொகையைப் பொறுத்து, கூடுதல் தீர்வையற்ற சலுகை தர அரசாங்கம் ஏற்பாடு செய்தது. உண்டியலில் அனுப்பியவர்களுக்கு இதில் ஒரு சதமும் இல்லை. உண்டியல்காரன் இரண்டு ரூபாய் கூடத் தருகிறான் என்று போகிறோம். ஆனால் அனுப்பியதற்கு அத்தாட்சி என்று ஒரு துண்டும் மிஞ்சுவதில்லை. இப்படி ஒரு சலுகை வரும்போது கையில் காட்ட என்ன இருக்கிறது? வங்கித் துண்டுகளை மாதா மாதம் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

அந்த மண்டபத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இரவெல்லாம் தூங்காமல் வந்திறங்கிய பெண்ணிடம் நல்ல தமிழில் ஒருவர் வந்து பேசுவார். "அக்கா, நீங்க ஒண்ணும் வாங்கலையா? உங்க பாஸ்போட்டுக்கு நான் ஒரு டீவி எடுத்துக்கிறேன், உங்களுக்கு ஐயாயிரம் தாறேன்." ஐயாயிரம் பெரிய காசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டீவி உங்கள் பெயரில்தான் வெளியே போகிறது. உங்கள் சலுகையும் தீர்ந்தது. விற்பதற்காக எடுத்தது என்று விசாரணை வந்தால் அந்த ஆள் இருக்க மாட்டார், உங்கள் கடவுச்சீட்டு இலக்கம் இருக்கும். கடவுச்சீட்டை உத்தியோகத்தரிடமும் கடைக் காசாளரிடமும் தவிர யாரிடமும் கையில் கொடுக்காதீர்கள்.

பிறத்தியார் பார்சல்

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். நான்கு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த ஒரு தங்கச்சி. புறப்படுகிற நாளில் அவளோடு அறையில் இருந்த ஒருத்தியின் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஒரு பொதியைக் கொடுத்திருக்கிறார். "பிள்ளைங்களுக்குச் சொக்கலேட்டும் பால்மாவும், வெளிய எங்க அண்ணன் வந்து வாங்கிக்குவாரு." நல்லா ஒட்டிய பொதி. பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை, மரியாதையில்லை என்று நினைத்திருக்கிறாள். கட்டுநாயக்காவில் இயந்திரத்தில் போட்டதும் தெரிந்துவிட்டது. பால்மா டின்னுக்குள் போன்கள்.

அவள் சொன்னது உண்மை என்று அங்கிருந்தவர்களுக்கும் புரிந்திருக்கலாம். ஆனாலும் பொதி வந்தது அவள் பெட்டியில், பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு அவள் பெயர். விசாரணை முடிய விடிந்துவிட்டது. போன்கள் போயின. தண்டம் கட்டுவதற்கு, மகளின் காதுக்கென்று வாங்கி வந்த தோட்டை அடகு வைக்க வேண்டி வந்தது. வெளியே காத்திருந்த "அண்ணன்" விஷயம் அறிந்ததும் காணாமல் போய்விட்டார். அந்தத் தங்கச்சி தோட்டத்துக்கு வந்து இறங்கியபோது, "களவு சாமானோட புடிபட்டவ" என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்திருந்தது. நமக்கு அதுதான் தாங்க முடியவில்லை. நான்கு வருட உழைப்பை ஒரு பால்மா டின் அழித்துவிட்டது.

பத்திரிகையில் கட்டுநாயக்காவில் நூற்றுக்கணக்கான போன்களோடு ஆட்கள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் வியாபாரிகளுக்கு இப்படித் தெரியாத கைகள்தான் தேவை. ஆகவே பிறத்தியார் கொடுப்பதை வாங்காதீர்கள். தட்ட முடியாத சொந்தம் என்றால் அவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். பிரிக்க விடாவிட்டால் அதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் பெட்டியில் இருப்பதெல்லாம் சட்டத்தின் கண்ணில் உங்களுடையது.

சொந்தமாய்க் கொண்டு வரும் போனுக்கும் ஒரு வார்த்தை. தம்பிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்றால் சொல்லிவிட்டு வரலாம். ஒரே மாதிரிப் பெட்டி பிரிக்காத போன் ஏழெட்டு இருந்தால், பரிசு என்று சொன்னாலும் வியாபாரச் சாமானாய்த்தான் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்கத்தில் ஓர் ஐ.எம்.ஈ.ஐ. எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். ஆணைக்குழுவில் பதிவில்லாத புதிய போன்கள் 2025 சனவரி 28க்குப் பிறகு உள்ளூர் வலையமைப்பில் இயங்காது என்று ஆணைக்குழு அறிவித்தது. ஏற்கெனவே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. ஊரில் போன் வாங்கும்போது ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு குறுஞ்செய்தி அனுப்பினால் பதிவுள்ளதா என்று பதில் வரும். வெளியில் இருந்து கொண்டு வருகிறவர்கள் பதிவு செய்யும் முறையை வாங்குவதற்கு முன்பே ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பறக்கும் கெமரா, வோக்கி டோக்கி போன்றவற்றை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வாங்கி வர வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் அவை உள்ளே வராது.

போகும்போதும் சொல்ல வேண்டியது உண்டு

வரும்போது மட்டும்தான் சுங்கம் என்று நினைக்கிறோம். படிக்கப் போகும் மகன் இங்கே வாங்கிய புது லெப்டொப்பைக் கொண்டு போகிறான் என்று வையுங்கள். லீவில் திரும்பி வரும்போது, "இது அங்கே வாங்கியதா, இங்கே வாங்கியதா" என்று கேட்டால் என்ன காட்டுவான்? ஆகவே விலை உயர்ந்த சொந்தச் சாமானைக் கொண்டு போகிறவர்கள், புறப்படும் மண்டபத்தில் உள்ள சுங்க உத்தியோகத்தரிடம் அதைக் காட்டி, பின்பக்கத்தில் உள்ள தொடர் இலக்கத்தோடு எழுத்தில் பதிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நகைக்கும் இதே வழிதான். மற்ற நாடுகளிலும் இந்த வழக்கம் இருக்கிறது. இந்தியாவில் புறப்படும்போது ஏற்றுமதிச் சான்றிதழ் என்று ஒன்று கொடுப்பார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே 4457 என்ற படிவம் வைத்திருக்கிறார்கள். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னால் போனால்தான் இதற்கு நேரம் இருக்கும். பதுளையில் இருந்து இரவு பஸ்ஸில் போகிறவர்கள் அதைக் கணக்கில் எடுங்கள்.

பவர் பேங்க் சுங்கத்துக்குரியதல்ல, விமான நிறுவனத்துக்குரியது. ஆனாலும் பலர் கேட்பதால் சொல்கிறோம். அதைக் கையில் கொண்டு போகும் பையில்தான் வைக்க வேண்டும், உள்ளே போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. தீப்பிடிக்கும். 100 வாட் மணிக்குக் கீழ் இருக்க வேண்டும். கடையில் 20,000 என்று போட்டு விற்பது ஏறக்குறைய 74 வாட் மணி, ஆகவே பிரச்சினை இல்லை. எதுவும் எழுதாத மலிவுச் சாமானை வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

சபரிமலை, பழனி, வேளாங்கண்ணி யாத்திரை போகிறவர்களும் திருச்சியிலும் சென்னையிலும் கடைக்குப் போகாமல் வருவதில்லை. மிக்சி, கிரைண்டர், பிரஷர் குக்கர், ஒரு குழுவில் பதினைந்து பேர் என்றால் பதினைந்து மிக்சி! ஆளுக்கு ஒன்று அவரவர் பெட்டியில் இருந்தால் ஒன்று. குருசாமியின் பெட்டியில் ஐந்து இருந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சலுகை ஆளுக்குரியது, குழுவுக்குரியதல்ல. பத்து நாள் பயணத்துக்குக் குறைந்த சலுகைதான் என்பதையும் மேலே சொன்னோம்.

கட்டச் சொன்னால் என்ன செய்வது?

கொழுந்து நிறுக்கும்போது தராசடியில் ஒரு கிலோ குறைந்தால், "ஏன் கழிச்சீங்க" என்று கேட்கிறோம் அல்லவா? அதே போல இங்கேயும் கேட்கலாம். எந்தச் சாமானுக்கு, என்ன பெறுமதி போட்டு, எவ்வளவு தீர்வை என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. குரலை உயர்த்த வேண்டாம், அழவும் வேண்டாம். பணம் கட்டினால் கருமபீடத்தில் கட்டி, அச்சிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் கைக்குக் கை யாராவது கேட்டால், அவர் சீருடை போட்டிருந்தாலும் சரி, வெளியே நிற்கும் தரகர் என்றாலும் சரி, அது தீர்வையல்ல. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

கையில் காசு இல்லாவிட்டால் சாமானை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். அப்படி வைக்கும்போது இலக்கம் போட்ட ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டுதான் சாமான். அதை வைத்துக்கொண்டுதான் பிறகு காசோடு போய் எடுக்க முடியும். நம்ம ஆட்கள் அதை பஸ் டிக்கட்டோடு சேர்த்து எறிந்துவிட்டு நம்மிடம் வருகிறார்கள்.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, 1987 முதல் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். "எனக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் வரும் வரை காத்திருக்க நேர்ந்தால் காத்திருங்கள். பதுளை பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.

கப்பலில் பெட்டி போட்டுவிட்டு விமானத்தில் வருகிறவர்கள், பின்னால் சாமான் வருகிறது என்பதை வந்திறங்கும் நாளிலேயே சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். பெட்டியை எடுக்க, கடவுச்சீட்டோடு உரியவரே போக வேண்டும். பெட்டி வந்து சேருமுன் மறுபடி வெளிநாடு போய்விட்டால் வீட்டுக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்; லீவுத் திகதியை அதற்கேற்ப வாங்குங்கள். பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைப் பெட்டிக்குள்ளும் ஒன்றைக் கைப்பையிலும் வையுங்கள். எழுத வராதவர்கள் பெட்டி கட்டுமுன் சாமானை எல்லாம் பாயில் பரப்பி, போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாலும் போதும். படத்தையும் பற்றுச்சீட்டுகளையும் வீட்டார் நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால், கொழுந்து நிறுத்து முடிந்த பின்னேரங்களில் நாம் உட்கார்ந்து பட்டியல் எழுதித் தருவோம்.